'தி' போடணுமா, வேண்டாமா?

முதல் வேலையில் சேர்ந்த ரெண்டாவது மாதம், என் மேலாளர் ஒரு ரிப்போர்ட் கேட்டிருந்தார். ராத்திரி எட்டரை மணி வரை உட்கார்ந்து முடித்து, "ஐ ஹேவ் சென்ட் எ ரிப்போர்ட்" என்று ஒரே வரியில் மெயில் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நான் கேட்ட ரிப்போர்ட் எப்ப வரும்?" நேற்றே அனுப்பிவிட்டேனே சார் என்றேன். "ஏதோ ஒரு ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன்னு போட்டிருந்தது, வேற எதுவோன்னு நினைச்சு நான் திறக்கவே இல்லையே" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, நான் எழுதியதை எழுதியபடியே படித்திருக்கிறார், அவ்வளவுதான். "தி ரிப்போர்ட்" என்று எழுதியிருந்தால், 'நீங்கள் கேட்டீர்களே, அது' என்று அந்த ஒரு சின்னச் சொல்லே சொல்லியிருக்கும். "எ ரிப்போர்ட்" என்றதும் அது ஊர் பேர் தெரியாத ஏதோ ஒன்றாகிவிட்டது.

ஆங்கிலத்தில் 'எ' எங்கே வரும், 'தி' எங்கே வரும் என்று பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆற்றுக்கு 'தி' போடு, மலைத்தொடருக்குப் போடு, சூரியனுக்குப் போடு, ஊர் பேருக்குப் போடாதே என்று இருபது விதி, ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு விதிவிலக்கு. பரீட்சைக்கு அது போதும். பேசும்போதும் எழுதும்போதும் இருபது விதியை யாரும் மனதுக்குள் ஓட்டிப் பார்க்க முடியாது. அதுவும் எந்த ஆங்கிலப் பக்கத்தை எடுத்தாலும் நூறு சொல்லுக்கு ஐந்தாறு 'தி' இருக்கும், அந்த மொழியிலேயே மிக அதிகமாகப் புழங்கும் சொல் இதுதான். இவ்வளவு அடிக்கடி வரும் ஒன்றுக்குப் பின்னால் எளிமையான ஒரு எண்ணம் இருந்தே ஆக வேண்டும். இருக்கிறது. இந்த விதிகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியின் வெவ்வேறு முகங்கள்தான்: கேட்பவருக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியுமா?

பொருளைப் பற்றிய கேள்வி இல்லை, கவனியுங்கள். எதிரே இருப்பவரின் மனதைப் பற்றிய கேள்வி. அதே ரிப்போர்ட்டைப் பற்றி அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லியிருந்தால் "எ ரிப்போர்ட்" சரி, ஏனென்றால் அம்மாவுக்கு அது எதுவென்று தெரியாது. மேலாளருக்குத் தெரியும், அதனால் "தி". ரிப்போர்ட் ஒன்றுதான், கேட்கிற ஆள்தான் வேறு.

இதைச் சோதிக்க நான் வைத்திருக்கும் வழி சின்னது. சொல்லப்போகும் பெயர்ச்சொல்லைச் சொன்னதும் எதிரே இருப்பவர் "எந்த?" என்று கேட்பாரா என்று யோசியுங்கள். மூன்றில் ஒன்றுதான் நடக்கும். அவருக்கு எதுவென்று தெரியாது, 'எந்த' என்று கேட்க இடமிருக்கிறது என்றால் 'எ', 'அன்' போன்றவை. கேட்கவே தேவையில்லை, ரெண்டு பேருக்கும் ஒரே பொருள்தான் கண்முன் வருகிறது என்றால் 'தி'. அந்தக் கேள்வியே அங்கே பொருந்தாது, பொதுவாக அந்த இனம் முழுவதையும் பற்றிப் பேசுகிறோம் என்றால் பன்மைக்கும், எண்ண முடியாதவற்றுக்கும் ஒன்றுமே வேண்டாம்.

தமிழில் 'தி'க்கு நேரான சொல் இல்லை, அதனால்தான் நமக்கு இது கடினம் என்று சொல்வார்கள். சொல் இல்லை என்பது சரி. ஹிந்தியில் இல்லை, ரஷ்ய மொழியில் இல்லை, ஜப்பானியத்தில் இல்லை, லத்தீனில்கூட இருந்ததில்லை. ஆனால் தெரிந்தது, தெரியாதது என்ற வித்தியாசம் நம் வாயில் நாள் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. "கடைக்குப் போய் புத்தகம் வாங்கினேன்" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் "கடைக்குப் போய் புத்தகத்தை வாங்கினேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ஏதோ புத்தகம், இன்ன புத்தகம் என்ற பேச்சே இல்லை. ரெண்டாவதில் அந்த 'ஐ' வந்து ஒட்டிக்கொண்டதும், ஏற்கெனவே நாம் பேசிய ஏதோ ஒரு குறிப்பிட்ட புத்தகம் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. விவரம் தெரியாதவரிடம் போய் இதைச் சொன்னால் உடனே "எந்தப் புத்தகத்தை?" என்பார். நண்பர் "பைக் வித்துட்டேன்" என்பதற்கும் "பைக்கை வித்துட்டேன்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் காதுக்கு உறைக்கும். ரெண்டாவதைக் கேட்டதும் அவர் தினமும் ஓட்டிவந்த பைக் நம் கண்முன் வந்து நிற்கிறது.

இது எனக்குப் புரிந்த அன்றுதான் 'தி' மீதிருந்த பயம் போனது. நமக்கு இல்லாத ஒன்றைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை, இருப்பதை வேறு இடத்தில் வைத்துப் பேசப் பழக வேண்டும். நாம் சொல்லுக்குப் பின்னால் வைப்பதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். சரி, இந்த 'ஐ' சோதனை எல்லா இடத்திலும் செல்லாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மனிதர்களுக்கு நாம் எப்படியும் 'ஐ' போட்டுவிடுவோம், "ஒரு டாக்டரைப் பார்த்தேன்" என்போம், அதற்காக அங்கே 'தி' வராது. 'ஒரு' முன்னால் நின்றாலும் சோதனை கைகொடுக்காது. எழுவாயாக வரும் சொல்லில் 'ஐ' வராது என்பதால் அங்கேயும் உதவாது. ஜடப்பொருள், செயப்படுபொருளாக வரும் இடத்தில் மட்டும் நம்பலாம்.

இனி, கேட்பவருக்கு எப்படித் தெரிய வருகிறது என்று பார்க்கலாம். மிக எளிய வழி, நாமே முந்தைய வாக்கியத்தில் சொல்லிவிட்டோம் என்பது. பாட்டி வடை சுட்ட கதையை எந்த வீட்டிலும் எப்படிச் சொல்கிறார்கள்? ஒரு ஊரில் ஒரு பாட்டி இருந்தாள். மரத்தில் ஒரு காக்கா இருந்தது. அந்தக் காக்கா ஒரு வடையைத் தூக்கிக்கொண்டு போனது. அப்போது ஒரு நரி வந்தது, அந்த நரி காக்காவைப் பார்த்து... முதல் தடவை 'ஒரு', அடுத்த தடவை 'அந்த'. இதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் "எ குரோ", அப்புறம் "தி குரோ". மூன்று வயதுக் குழந்தைக்குக் கதை சொல்லத் தெரிந்த எல்லோருக்கும் இந்த இலக்கணம் தெரியும். 'தி' என்ற சொல் பிறந்ததே 'அந்த' என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சுட்டுச்சொற்களில் இருந்துதான், இன்றைய 'தட்' என்பதும் அதே குடும்பம். லத்தீனில் 'அது' என்று சுட்டிய சொல்தான் தேய்ந்து ஃபிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் இத்தாலியத்திலும் 'தி' போன்ற சொற்களாயிற்று. சுட்டிக் காட்டுவதில் இருந்துதான் இவை எல்லாம் வந்தன.

ஆனால் 'தி' என்றால் 'அந்த' என்று மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வழியில் நின்றுவிடுவோம். பஸ்ஸில் போன கதையைச் சொல்கிறீர்கள். "நேத்து ஒரு பஸ்ல ஏறினேன், டிரைவர் பாட்டை சத்தமா வச்சிருந்தார், கண்டக்டர் சில்லறை இல்லன்னு திட்டினார்." டிரைவரைப் பற்றி இதற்கு முன் நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இருந்தாலும் கேட்பவர் "எந்த டிரைவர்?" என்று கேட்க மாட்டார், பஸ் என்றாலே ஒரு டிரைவர் இருப்பார். தமிழில் இங்கே 'அந்த' போடவே மாட்டோம், வெறுமனே 'டிரைவர்' என்போம். ஆங்கிலத்தில் "தி டிரைவர்", "தி கண்டக்டர்" என்று கட்டாயம் போட வேண்டும், "எ டிரைவர்" என்றால் பஸ்ஸில் பயணியாக வந்த வேறொரு டிரைவரோ என்று தோன்றும். கல்யாணத்துக்குப் போனேன் என்றால் உடனே "தி பிரைட்", "தி குரூம்", "தி ஃபுட்". வீடு பார்க்கப் போனேன் என்றால் "தி கிச்சன்", "தி ரூஃப்", "தி ஓனர்". ஒரு பெரிய பொருளைச் சொன்னதும் அதன் உறுப்புகளுக்கெல்லாம் சேர்த்து அறிமுகம் ஆகிவிடுகிறது. நம்மவர்கள் 'தி' விட்டுப்போவது அதிகமும் இந்த இடத்தில்தான், ஏனென்றால் இங்கே தமிழ் நமக்கு எந்த அடையாளமும் கொடுப்பதில்லை.

ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றாலும் கேள்வி எழாது. "தி சன்", "தி மூன்", "தி ஸ்கை". ஒரு வகுப்பில் மிக உயரமானவர் ஒருவர்தான் இருக்க முடியும், எனவே "தி டாலஸ்ட்". முதலாவது ஒன்றுதான், "தி ஃபர்ஸ்ட்". 'ஒரே', 'அதே' என்ற பொருளில் வரும் "தி ஒன்லி", "தி சேம்" எல்லாம் இந்தக் கணக்குதான். உலகத்துக்கே ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, பேசும் இருவரின் உலகத்தில் ஒன்றாக இருந்தால் போதும். வீட்டில் "தி ஃபிரிட்ஜ்" என்றால் நம் வீட்டு ஃபிரிட்ஜ். மாவட்டத்தில் "தி கலெக்டர்" என்றால் நம் கலெக்டர். இந்தியாவில் எத்தனையோ முதலமைச்சர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் சென்னையில் ரெண்டு பேர் "தி சீஃப் மினிஸ்டர்" என்று பேசிக்கொண்டால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

இதுவரை சொன்னது 'தி' விட்டுப்போகும் பக்கம். இதைவிடக் கவனம் வேண்டியது எதிர்ப்பக்கம், வேண்டாத இடத்தில் 'தி' போடுவது. கொஞ்சம் ஆங்கிலம் பழகியவர்கள் செய்யும் தவறு இது, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'தி' வைத்துவிட்டால் பாதுகாப்பு என்ற எண்ணம். "தி லைஃப் இஸ் ஹார்ட்" என்று எழுதுகிறார்கள். வாழ்க்கை கடினம் என்று பொதுவாகச் சொல்லும்போது "எந்த வாழ்க்கை?" என்று யாரும் கேட்கப்போவதில்லை, குறிப்பாக ஒன்றைச் சுட்டவே இல்லை. அங்கே "லைஃப் இஸ் ஹார்ட்" போதும். அதையே மீனவர் வாழ்க்கை என்று கட்டி நிறுத்திவிட்டால் "தி லைஃப் ஆஃப் எ ஃபிஷர்மேன்" என்று 'தி' வந்துவிடும், இப்போது எந்த வாழ்க்கை என்பது வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. "வாட்டர் இஸ் பிரெஷஸ்" என்றால் தண்ணீர் பொதுவாக. "தி வாட்டர் இன் திஸ் வெல்" என்றால் இந்தக் கிணற்றுத் தண்ணீர்.

இதைக் கையில் எடுத்துப் பார்க்க ஒரு டம்ளர் காபி போதும். வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் வீட்டுக்கு வருகிறார், காபி கொடுக்கிறீர்கள். அவர் "ஐ லைக் காபி" என்றால், எனக்குக் காபி பிடிக்கும் என்று தன் பழக்கத்தைச் சொல்கிறார், உங்கள் காபியை இன்னும் வாயில் வைத்திருக்கவே வேண்டியதில்லை. "ஐ லைக் தி காபி" என்றால் கையில் இருக்கும் இந்த டம்ளரைச் சொல்கிறார், உங்கள் கைப்பக்குவத்தைப் பாராட்டுகிறார். முதலாவதற்கு "அப்படியா, நானும்தான்" என்று பதில் சொல்லலாம். ரெண்டாவதற்கு "தேங்க்ஸ், இன்னும் கொஞ்சம் தரட்டுமா" என்று எழ வேண்டும். நாய்கள் நன்றியுள்ளவை என்றால் "டாக்ஸ் ஆர் லாயல்", தெருவில் இப்போது குரைத்துக்கொண்டிருப்பவை என்றால் "தி டாக்ஸ் ஆர் பார்க்கிங்".

'மோஸ்ட்' என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. "மோஸ்ட் ஆஃப் பீப்பிள்" என்று நிறைய பேர் எழுதுகிறார்கள். பெரும்பாலான மக்கள் என்று பொதுவாகச் சொன்னால் "மோஸ்ட் பீப்பிள்", நடுவில் 'ஆஃப்' வேண்டாம். ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில் பெரும்பாலோர் என்றால் 'ஆஃப்' வரும், கூடவே 'தி'யும் வரும், "மோஸ்ட் ஆஃப் தி பீப்பிள் இன் மை ஸ்ட்ரீட்". இந்த ரெண்டும் சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும். அப்புறம் 'நேச்சர்', 'சொசைட்டி' ரெண்டும் பொதுவாகச் சொல்லும்போது 'தி' இல்லாமல் வரும், ஆனால் 'என்விரான்மென்ட்' சுற்றுச்சூழல் என்ற பொருளில் 'தி'யோடுதான் வரும். இதற்கு நான் விளக்கம் தேடி நேரம் செலவழிக்க மாட்டேன், பழக்கிக்கொள்வதுதான் வழி.

பொதுவாகச் சொல்வதற்கும் ஒன்றைச் சொல்வதற்கும் உள்ள இந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு உலகமே கேட்ட ஒரு வாக்கியம் சாட்சி. 1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் காலை வைத்தபோது சொன்னது, ஒரு மனிதனுக்குச் சின்ன அடி, மனித குலத்துக்குப் பெரிய பாய்ச்சல் என்ற வரி. அவர் சொல்ல நினைத்தது "ஃபார் எ மேன்". பூமிக்கு வந்த ஒலியில் பெரும்பாலோர் காதில் விழுந்தது "ஃபார் மேன்". ஆங்கிலத்தில் 'மேன்' முன்னால் எதுவும் இல்லாமல் தனியாக நின்றால் மனிதன் என்ற இனம் முழுவதும் என்று பொருள் வந்துவிடும், அப்படியானால் முதல் பாதியும் மனித குலம், ரெண்டாம் பாதியும் மனித குலம். 'எ' சொன்னதாகவே தன் நினைவு என்று ஆம்ஸ்ட்ராங் பிற்பாடு சொன்னார். ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு இன்னும் அதை ஆராய்கிறார்கள்.

அது 'எ' விட்டுப்போன கதை. 'தி' இல்லாமல் போனதற்கு இதைவிடக் கனமான உதாரணம் ஒன்று உண்டு. 1967 ஜூனில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் நடந்த ஆறு நாள் போருக்குப் பின், அதே ஆண்டு நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை 242ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. இஸ்ரேல் படைகள் வெளியேற வேண்டும் என்று அது சொன்னது. எங்கிருந்து? ஆங்கில வாசகம் இது: "ஃப்ரம் டெரிட்டரீஸ் ஆக்குபைட் இன் தி ரீசன்ட் கான்ஃப்ளிக்ட்". 'டெரிட்டரீஸ்' முன்னால் 'தி' இல்லை. 'தி' இல்லாததால், பிடித்த நிலப்பகுதிகளில் சிலவற்றில் இருந்து வெளியேறினாலே போதும் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. அதே தீர்மானத்தின் ஃபிரெஞ்சு வாசகத்தை 'அந்த நிலப்பகுதிகளில் இருந்து' என்று படிக்க இடமிருக்கிறது, போரால் நிலத்தைப் பெறுவது ஏற்கத்தக்கதல்ல என்று முகப்புரையும் சொல்கிறது, எனவே எல்லாவற்றில் இருந்தும்தான் என்று மறு தரப்பு வாதிடுகிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இது ஓயவில்லை. அந்த வரியின் கடைசியைப் பாருங்கள், "தி ரீசன்ட் கான்ஃப்ளிக்ட்", அங்கே 'தி' இருக்கிறது. எந்தப் போர் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த நிலம் என்பதில்தான் சண்டை.

சரி, வீட்டுக்குப் பக்கத்திலேயே திரும்பி வருவோம். "கோ டு ஸ்கூல்", "கோ டு தி ஸ்கூல்" ரெண்டும் சரியான ஆங்கிலம், பொருள்தான் வேறு. பையன் படிக்கப் போகிறான் என்றால் 'தி' வேண்டாம், அங்கே ஸ்கூல் என்பது கட்டடம் இல்லை, படிப்பு. அப்பா கட்டணம் கட்ட அதே இடத்துக்குப் போகிறார் என்றால் "தி ஸ்கூல்". தமிழிலும் இதன் சாயல் உண்டு. "பையன் இன்னும் ஸ்கூல் போறான்" என்றால் மாணவனாக இருக்கிறான் என்று பொருள், "ஸ்கூலுக்குப் போயிருந்தேன்" என்றால் அந்த இடத்துக்கு. சிறை, சர்ச், கல்லூரி, படுக்கை எல்லாவற்றுக்கும் இப்படித்தான். ஆஸ்பத்திரியில் மட்டும் நாடு பிரிகிறது, நோயாளியாகச் சேர்ந்திருப்பதை பிரிட்டனில் "இன் ஹாஸ்பிட்டல்" என்பார்கள், அமெரிக்காவில் "இன் தி ஹாஸ்பிட்டல்" என்பார்கள். வீட்டுக்குப் போகிறேன் என்பதற்கு 'தி'யும் வேண்டாம், 'டு'வும் வேண்டாம், "ஐ ஆம் கோயிங் ஹோம்" அவ்வளவுதான். கிரிக்கெட் விளையாடினால் வெறும் "பிளே கிரிக்கெட்", வீணை வாசித்தால் "பிளே தி வீணா". காலையில் "இன் தி மார்னிங்", ராத்திரி "அட் நைட்". இவற்றைத் தொடர் தொடராகவே வாயில் பழக்கிக்கொள்வது நல்லது.

பெயர்கள்தான் எல்லோரையும் மிரட்டும் பகுதி. அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, பட்டியல் போட்டுப் படிப்பதைவிட அதைப் பிடிப்பது எளிது. பெயர் என்றாலே 'எந்த?' என்ற கேள்விக்குப் பதில் அதற்குள் இருக்கிறது, எனவே பொதுவாக 'தி' வேண்டாம்: மதுரை, சிங்கப்பூர், எவரெஸ்ட், அண்ணா சாலை. சில பொதுச்சொற்கள் அந்தப் பெயருக்குள் தெரிந்தோ தெரியாமலோ ஒளிந்திருந்தால் 'தி' வந்து நிற்கும். காவிரி 'தி'யோடு வருவது 'ரிவர்' என்ற சொல் அங்கே மறைந்து நிற்பதால் என்று வைத்துக்கொள்ளலாம். பன்மையாக வரும் பெயர்களுக்கும் 'தி' உண்டு, "தி ஹிமாலயாஸ்", "தி நீல்கிரீஸ்", "தி மால்தீவ்ஸ்", "தி பிலிப்பைன்ஸ்". எவரெஸ்ட் ஒற்றைச் சிகரம், அதற்கு இல்லை. 'கிங்டம்', 'ஸ்டேட்ஸ்', 'எமிரேட்ஸ்' போன்ற சொல் பெயரில் இருக்கும் நாடுகளுக்கு 'தி' வரும். அதனால் வளைகுடாவில் வேலை பார்ப்பவர் "ஐ வொர்க் இன் தி யு.ஏ.இ." என்று எழுத வேண்டும், ஆனால் "இன் துபாய்", "இன் சவுதி அரேபியா". வளைகுடா என்றே சொன்னால் திரும்பவும் "இன் தி கல்ஃப்".

நடுவில் 'ஆஃப்' வந்தால் 'தி' வருவது ஏறக்குறைய நிச்சயம். மெட்ராஸ் யூனிவர்சிட்டி என்றால் வேண்டாம், அதையே திருப்பிப் போட்டு "தி யூனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்" என்றால் வேண்டும். இந்தியன் பேங்குக்கு வேண்டாம், "தி ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா"வுக்கு வேண்டும், வங்காள விரிகுடா "தி பே ஆஃப் பெங்கால்". சுருக்கப்பெயர்களில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. எழுத்து எழுத்தாகச் சொல்லும் பொது அமைப்புகளுக்கு 'தி' வரும், தி ஆர்.பி.ஐ., தி பி.பி.சி., தி யு.என். ஒரே சொல்லாகச் சேர்த்து உச்சரிப்பவற்றுக்கு வராது, நாசா, யுனெஸ்கோ, இஸ்ரோ. விரித்து எழுதினால் இஸ்ரோவுக்கும் 'தி' வந்துவிடும், "தி இந்தியன் ஸ்பேஸ் ரிசர்ச் ஆர்கனைசேஷன்". கம்பெனிகள் இந்தக் கணக்கில் வராது, ஐ.பி.எம்., டி.சி.எஸ். எல்லாம் வெறுமனேதான். 2023 ஆகஸ்ட் 23 அன்று நடந்ததை ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்: "இஸ்ரோ லேண்டட் சந்திரயான்-3 நியர் தி சவுத் போல் ஆஃப் தி மூன்". இஸ்ரோ, சந்திரயான் ரெண்டும் பெயர், 'தி' இல்லை. நிலவு ஒன்று, அதன் தென் துருவமும் ஒன்று, ரெண்டுக்கும் 'தி' உண்டு.

பெயருக்கு முன் 'தி' போடுவது வெறும் பழக்கம் என்று விட்டுவிட முடியாது. உக்ரைனை முன்பெல்லாம் ஆங்கிலத்தில் "தி உக்ரைன்" என்றே எழுதிவந்தார்கள். 1991இல் அது தனி நாடான பின், 'தி' போட்டால் ஏதோ ஒரு பெரிய நாட்டின் ஒரு பகுதி போல ஒலிக்கிறது என்று உக்ரைனியர்கள் அதை ஏற்கவில்லை, இப்போது செய்தித்தாள்களும் வெறும் உக்ரைன் என்றே எழுதுகின்றன. அதற்கு நேர்மாறாக, ஆப்பிரிக்காவின் காம்பியா தன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே 'தி' வைத்திருக்கிறது. அந்த நாட்டின் நடுவே ஓடும் ஆற்றின் பெயர்தான் நாட்டின் பெயரும், ஆற்றோடு வந்த 'தி' அப்படியே தங்கிவிட்டது. 1878இல் சென்னையில் தொடங்கிய 'தி ஹிந்து'வுக்கும் 'தி' பெயரின் ஒரு பகுதி, அதை நாம் எடுக்கக் கூடாது.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன், நான் இங்கே எல்லா இடத்திலும் 'தி' என்று எழுதியது எளிமைக்காக. பேசும்போது அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால் அது 'த' என்று லேசாக ஒலிக்கும், உயிரொலியில் தொடங்கினால் 'தி'. எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். 'அவர்' என்று ஒலிக்கும் மணி நேரத்துக்கான சொல் எழுத்தில் 'ஹெச்'சில் தொடங்கினாலும் ஒலி உயிர், எனவே 'தி'. 'யூனிவர்சிட்டி' எழுத்தில் உயிரெழுத்து, ஒலியில் 'யு', எனவே 'த'. இன்னொன்று, 'தீ' என்று நீட்டி அழுத்தினால் பொருளே கூடும். ஏ.ஆர்.ரஹ்மானைப் பார்த்தேன் என்று நீங்கள் சொல்ல, ஆங்கிலத்தில் ஒருவர் "தீ ஏ.ஆர்.ரஹ்மான்?" என்று கேட்டால், அந்த ஏ.ஆர்.ரஹ்மானையா என்று வியக்கிறார். ஆள் பேருக்கு முன் 'தி' வரும் அபூர்வமான இடம் இது, இங்கே தமிழின் 'அந்த' அச்சாகப் பொருந்தும்.

இனி நீங்களே செய்து பாருங்கள். கோடிட்ட இடத்தில் 'எ', 'தி', அல்லது ஒன்றுமில்லை.

"யெஸ்டர்டே ஐ டுக் ___ பஸ் டு மதுரை. ___ பஸ் வாஸ் ஃபுல். ___ கண்டக்டர் கேவ் மீ ___ லாஸ்ட் சீட். ஐ லவ் ___ விண்டோ சீட்ஸ், பட் ___ விண்டோ வாஸ் புரோக்கன் அண்ட் ___ ரெயின் கேம் இன்."

முதல் பஸ்ஸுக்கு 'எ', எந்த பஸ் என்று படிப்பவருக்குத் தெரியாது. ரெண்டாவது பஸ்ஸுக்கு 'தி', இப்போது தெரியும். கண்டக்டருக்கு 'தி', பஸ்ஸோடு வந்தவர். கடைசி சீட் ஒன்றுதான், 'தி'. ஜன்னல் சீட்டுகள் பொதுவாகப் பிடிக்கும் என்பதால் அங்கே ஒன்றுமில்லை. உடைந்த ஜன்னல் அந்த சீட்டின் ஜன்னல், 'தி'. மழைக்கு மட்டும் ரெண்டு விடையும் சரி. "ரெயின் கேம் இன்" என்றால் உள்ளே வந்தது மழை என்று மட்டும் சொல்கிறீர்கள். "தி ரெயின் கேம் இன்" என்றால், வெளியே ஏற்கெனவே மழை பெய்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லாமலே படிப்பவருக்குத் தெரியப்படுத்திவிடுகிறீர்கள்.